சுவருக்குள் பாதி அடுப்பு

காரைக்காலில் பிரான்சோடு உறவு இல்லாத தெரு குறைவு. 1962 ஆகஸ்ட் 16இல் பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸ் புறநகர்களில் இருக்கிறார்கள். ஒரே குடும்பத்தின் ஒரு கிளை அங்கே அடுக்குமாடி வீட்டில் குழம்பு வைக்கிறது, இன்னொரு கிளை அரசலாற்றங்கரையில் வைக்கிறது. இரண்டு வீட்டுக்கும் வரும் மின்சாரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பாரிஸ் வீட்டின் அடுப்போ ஒரே நேரத்தில் நாலு பாத்திரத்தைச் சுட வைக்கிறது. காரைக்கால் வீட்டில் ஒற்றை இண்டக்ஷன் அடுப்பைப் போட்டாலே பிளக் சூடாகி, கருகும் பிளாஸ்டிக் வாடை வருகிறது.

காரணம் அடுப்பில் இல்லை. என்.எஃப். சி 15-100 என்ற பிரெஞ்சு வயரிங் விதி, சமையல் அடுப்புக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்கிறது. 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 32 ஆம்பியர் டிரிப்பர். 32ஐ 230ஆல் பெருக்கினால் 7360 வாட். அந்த லைனில் வேறு எதையும் மாட்டக் கூடாது. அடுப்பு வாங்குவதற்கு முன்பே, வீடு கட்டும்போதே அது சுவருக்குள் போய்விடுகிறது. நம் ஊர்ப் பழைய வீட்டின் சமையலறைச் சுவர் ஒரு குண்டு பல்பையும், பிற்பாடு ஒரு மிக்சியையும் எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. அதில் அடுப்பு வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

டொரொன்டோவுக்குப் போன தமிழர் வீட்டில் கதை இன்னும் விசித்திரம். அங்கே சாதாரண பிளக்கில் 120 வோல்ட்தான். அதை வைத்துக்கொண்டு பெரிய அடுப்பு எரிக்க முடியாது என்பதால், இரண்டு 120 வோல்ட் லைன்களைச் சேர்த்து அடுப்புக்கு மட்டும் 240 வோல்ட் தருகிறார்கள். அடுப்பின் முதுகுப் பக்கம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு நாலு துளைப் பிளக் ஒன்று இருக்கும். வீடு மாறுகிறவர் அடுப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போவதும் உண்டு.

மின்னடுப்பு என்பது மேடைமேல் நாம் பார்க்கிற பெட்டி மட்டும் அல்ல. அதன் பாதி சுவருக்குள் இருக்கிறது. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்தப் பாதியைப் பற்றியது. அதற்கு முன், நெருப்பு எப்படிச் சுவர்வரை வந்தது என்று பார்த்துவிடலாம்.

*

காவிரி டெல்டாவில் காடு கிடையாது. நெல் விளையும் மண்ணில் மரத்துக்கு இடம் குறைவு. ஆகவே இங்கே அடுப்பில் எரிந்தது பெரும்பாலும் விறகல்ல. தென்னை மட்டை, பாளை, பன்னாடை, வறட்டி, கருவை முள், கடற்கரைப் பக்கமானால் சவுக்கு மிலாறு. அரவை மில் அருகில் இருந்தவர்களுக்கு உமி. இவையெல்லாம் சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் அணைவதால் ஒருவர் அடுப்படியிலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். புகையும் அதிகம். மூன்று கல் அடுப்பில் எரிபொருளின் வெப்பத்தில் 10 முதல் 15 விழுக்காடுதான் பாத்திரத்துக்குள் போகும். மிச்சம் காற்றுக்கும் கல்லுக்கும் சமைப்பவரின் முகத்துக்கும்.

அந்த மிச்சத்தைப் பிடிக்க நம் ஊரில் செய்த நல்ல வேலை கொடி அடுப்பு. பெரிய அடுப்பின் பக்கத்தில் இன்னொரு வாய், இரண்டுக்கும் நடுவில் மண்ணுக்குள் ஒரு துளை. பெரிய வாயில் சோறு பொங்கும்போது தப்பிப் போகும் சுடுகாற்று துளை வழியே போய்ப் பக்கத்து வாயில் ரசத்தைச் சுட வைக்கும். கொடி அடுப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அடுப்புப் பூசியவர்கள் பெண்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பொறியாளர்கள் அடுப்படிக்குள் நுழைந்தது பிறகு. ஹைதராபாத் பொறியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு, புகைபோக்கி வைத்த பல வாய் மண் அடுப்பை வடிவமைத்து, அதைப் பற்றி எழுதிய சிறு நூல் 1953இல் சென்னையில் வெளியானது. வடிவம் அருமை. வீடுகளில் என்ன ஆயிற்று என்றால், புகைபோக்கியில் கரி அடைத்தது, மண் வெடித்தது, அளவு தெரியாதவர்கள் பூசியதில் காற்றோட்டம் கெட்டது. 1980களில் ஒன்றிய அரசு இதையே நாடு தழுவிய திட்டமாக எடுத்து 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. 2002இல் திட்டம் முடிந்தபோது அவற்றில் பெரும்பங்கு புழக்கத்தில் இல்லை.

புகை செய்யும் கெடுதலைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வு காரைக்காலுக்குப் பக்கத்திலேயே நடந்தது. ஹேப்பின் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த ஆய்வில் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நாடுகளில் நாட்டுக்கு 800 பேர் வீதம் 3200 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டார்கள். இந்தியாவில் இரண்டே இடங்கள், இரண்டும் தமிழ்நாட்டில். ஒன்று பழைய விழுப்புரம் மாவட்டத்தின் கள்ளக்குறிச்சிப் பக்கம், இன்னொன்று நாகப்பட்டினம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு இதை நடத்தியது. சமையல் புகையை அளக்கும் வேலையில் அவர் அதற்கும் பல ஆண்டுகள் முன்னோடி. சீட்டுக் குலுக்கியதுபோலப் பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும், தீரத் தீர இலவச சிலிண்டரும் தரப்பட்டன. மற்றவர்கள் வழக்கப்படி விறகிலேயே சமைத்தார்கள்.

2022இல் முடிவு வந்தது. விறகில் சமைத்த பெண்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராமாக இருக்க, கேஸ் கிடைத்தவர்களுக்கு அது 24ஆக இருந்தது. அது பெரிய வெற்றி. குழந்தைகளின் பிறப்பு எடையில் மட்டும் இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆய்வாளர்கள் எதிர்பார்த்தது இது அல்ல. கர்ப்பம் தரித்துச் சில வாரங்கள் கழித்து அடுப்பை மாற்றியது தாமதமா, அடுப்பைத் தாண்டி வேறு காரணங்கள் எடையைத் தீர்மானிக்கின்றனவா என்று விவாதம் போகிறது. இந்த முடிவைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, 'கேஸ் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று எழுதுவது எளிது. புகை குறைந்தது என்பதே அடுப்பை மாற்றப் போதுமான காரணம்; இல்லாத பலனை அதன் தலையில் கட்ட வேண்டியதில்லை.

மண்ணெண்ணெய்க் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். ஸ்டாக்ஹோமில் 1892இல் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வாரிசுதான் நம் பம்ப் அடுப்பு: எண்ணெயை அழுத்தி, சூடான குழாயில் ஆவியாக்கி, நீலச் சுடராக எரிப்பது. சத்தமும் பயமும் அதிகம் என்பதால் திரி அடுப்பு பரவியது. ரேஷன் கடை வரிசையும் கூடவே வந்தது.

சமையல் எரிவாயு இந்தியாவில் 1955இல் மும்பையில் விற்பனைக்கு வந்தது. 1965இல் கொல்கத்தாவில் இண்டேன் முதல் இணைப்பைக் கொடுத்தது. தமிழ்நாட்டு அரசு 2007இல் இலவச கேஸ் அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது நாகூர்க்காரருக்கு அது உண்டு, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருமலைராயன்பட்டினத்துக்காரருக்கு இல்லை. அவர் வேறு அரசின், புதுச்சேரியின், குடிமகன். காரைக்காலில் எந்தப் பொருளின் வரலாற்றைச் சொன்னாலும் இந்த எல்லைக்கோடு குறுக்கே வந்து நிற்கும்.

இண்டக்ஷன் அடுப்பு கடைவீதியில் குவிந்ததற்குக் காரணம் விஞ்ஞானம் அல்ல, ஒரு அரசாணை. 2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் ஆண்டுக்கு ஆறு மட்டும் என்று ஒன்றிய அரசு வரம்பு கட்டியது. அதை அடுத்த ஜனவரியில் ஒன்பதாக்கி, 2014இல் பன்னிரண்டாக்கினார்கள். ஆறு சிலிண்டரில் ஆண்டை ஓட்ட முடியாத வீடுகள் மின்னடுப்பை வாங்கின. தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்ததும் அதே 2012இல்தான்!

*

மின்சாரத்தால் சமைக்கும் ஆசை மின்விளக்கை ஒட்டியே பிறந்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மின்சாரச் சமையலறை ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்கள். ஆனால் நல்ல கம்பி கிடைக்கவில்லை. சிவக்கச் சூடாக்கினால் இரும்பு காற்றில் வெந்து உதிர்ந்துவிடும். பிளாட்டினம் வாங்க முடியாது. அமெரிக்கர் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்து நிக்ரோம் கம்பியைச் செய்து 1906இல் காப்புரிமை பெற்ற பிறகே மின்னடுப்பு சாத்தியமானது. சூடேறும்போது அதன்மேல் குரோமியம் ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்து உள்ளே காற்றுப் போகாமல் காக்கிறது. இஸ்திரிப் பெட்டி முதல் சுருள் அடுப்பு வரை எல்லாவற்றிலும் இன்றும் அந்தக் குடும்பத்துக் கம்பிகள்தான்.

ஒரு கேள்வி. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அடுப்பு வரை ஓடுவது ஒரே மின்னோட்டம். சுருள் மட்டும் ஏன் சிவக்கிறது, சுவருக்குள் இருக்கும் கம்பி ஏன் சிவப்பதில்லை?

மின்னோட்டம் தரும் வெப்பம் மின்தடையைப் பொறுத்தது. நிக்ரோமின் மின்தடை செம்பைவிட அறுபது மடங்குக்கும் மேல். போதாததற்குச் சுருளில் கம்பி மெல்லியது, நீளமானது. ஆகவே வெப்பம் அங்கே குவிகிறது. சுவர்க் கம்பியிலும் வெப்பம் உண்டு, கொஞ்சம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் வயரிங் என்ற கலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

கணக்குப் போடுவோம். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். மெயின் போர்டிலிருந்து சமையலறை 15 மீட்டர் தள்ளி இருக்கிறது. போக வர 30 மீட்டர் கம்பி. வயர்மேன்கள் 'ஒரு ஸ்கொயர்' என்று சொல்லும் 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அந்த நீளத்துக்கு மின்தடை அரை ஓம்ஸுக்குச் சற்று மேல். மின்னோட்டத்தின் வர்க்கத்தை அதனால் பெருக்கினால் சுமார் 40 வாட் வெப்பம் சுவருக்குள் வீணாகிறது. 'ரெண்டரை ஸ்கொயர்' கம்பியாக இருந்தால் அது 17 வாட்டுக்குக் குறையும். இரண்டிலும் வெப்பம் 15 மீட்டருக்குப் பரவிப்போவதால் உடனே ஆபத்து இல்லை. அதே லைனில் மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு ஸ்கொயர் கம்பி திணறும். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். அதற்கு மேல் ஆண்டுக் கணக்கில் வெந்தால் உறை காய்ந்து நொறுங்கும்.

உண்மையான வில்லன் கம்பி அல்ல, இணைப்பு. பிளக்கின் பித்தளைக் கால் சாக்கெட்டின் கவ்வியைத் தொடும் இடம், சுவிட்சுக்குள் கம்பியை முடுக்கிய திருகு, எங்கோ சுவருக்குள் முறுக்கி டேப் சுற்றிய முடிச்சு. அந்த இடத்தில் பிடி தளர்ந்து அரை ஓம்ஸ் மின்தடை உண்டாகிவிட்டால், அதே 40 வாட் வெப்பம் இப்போது 15 மீட்டரில் அல்ல, ஒரு மிளகளவு இடத்தில் பிறக்கிறது. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்.

காரைக்கால் போன்ற ஊரில் இது இன்னும் மோசம். கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் உப்புக் காற்று வீட்டுக்குள்ளேயே வீசுகிறது. பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும், திருகு துருப்பிடிக்கும். களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, ஆகவே அந்த இடம் சூடாகும். சூடானால் கவ்வியின் விறைப்புப் போகும். விறைப்புப் போனால் இன்னும் சூடாகும். பழைய வீடுகளில் சிக்கனத்துக்காகப் போட்ட அலுமினியக் கம்பி இருந்தால் சொல்லவே வேண்டாம். அதன் ஆக்சைடு செம்பின் களிம்பைவிடப் பிடிவாதமான தடை, திருகின் அழுத்தத்தில் அந்த உலோகம் மெல்ல மெல்ல நசுங்கிப் பிடியையும் விட்டுவிடும். பிளக் பழுப்பேறினால் பிளக்கை மட்டும் மாற்றுவது பாதி வேலை. சாக்கெட்டைக் கழற்றிப் பின்னால் திருகைப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் இரண்டு வகைப் பிளக் இருப்பது இதற்காகவே. சின்னது பழைய வழக்கில் 5 ஆம்பியர், இப்போது 6. அதில் 1380 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. பெரியது 15 ஆம்பியர், இப்போது 16; 3680 வாட் வரை தாங்கும். அதைத்தான் 'பவர் பிளக்' என்கிறோம். இரண்டும் பிரிட்டிஷ்காரர்களின் பழைய வடிவங்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரிலும் இன்று சுவரில் இருப்பது அவைதான். இண்டக்ஷன் அடுப்பு பெரிய பிளக்கோடு வருகிறது. சுவரில் சின்னத் துளை இருக்கிறது. நடுவில் முப்பது ரூபாய், நாற்பது ரூபாய்க்கு ஒரு கன்வர்ட்டர். 6 ஆம்பியர் துளையில் 8.7 ஆம்பியர் ஓடுகிறது. மலிவான கன்வர்ட்டர்கள் பலவற்றில் எர்த் கால் வெறும் பொம்மை. கடையில் தடை செய்ய வேண்டிய பொருள் என்று யாராவது என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

எர்த் கால் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். அடுப்பின் உலோகப் பகுதியில் மின்சாரம் கசிந்தால் அது போகும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. விடுதி அறைகளில் பயன்படும் திறந்த சுருள் அடுப்பில் இது உயிர்ப் பிரச்சினை. சோறு பொங்கி வழிந்தால் கஞ்சி சுருளை நனைக்கும், சுருளிலிருந்து அலுமினியப் பாத்திரத்துக்கும் பாத்திரத்திலிருந்து கரண்டிக்கும் மின்சாரம் ஏறும்.

டிரிப்பர் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். டிரிப்பர் காப்பது கம்பியை, மனிதரை அல்ல. 16 ஆம்பியர் டிரிப்பர் 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் யோசிக்கும். மனித இதயத்தைத் தடுமாற வைக்க அதில் ஆயிரத்தில் சில பங்கு போதும். அதற்கு ஆர்.சி.சி.பி. என்ற வேறொரு கருவி வேண்டும். போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால் கண் இமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும். டைல்சுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் செலவழிக்கிற வீட்டில் இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய ஃபியூஸ் கட்டையில் ஓர் இழைக்குப் பதில் நாலு இழை முறுக்கிப் போட்டு 'இனிமே போகாது' என்று சொல்லும் வழக்கமும் முற்றிலும் போய்விடவில்லை.

காவிரிக்குக் காரைக்கால் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் வழியெல்லாம் பாய்ந்து இங்கே வரும்போது மெலிந்திருக்கும். மின்கம்பியிலும் கடைமடை உண்டு. டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய வீட்டில் 230 வோல்ட் இருக்கும்போது, தெருவின் கடைசி வீட்டில் மாலை நேரத்தில் 190 காட்டலாம். வழியில் ஒவ்வொரு வீடும் இழுக்கும் மின்னோட்டத்துக்கு ஏற்பக் கம்பியிலேயே வோல்ட் குறைந்துகொண்டு வரும். சுருள் அடுப்பின் திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்ததால், 190 வோல்ட்டில் 2000 வாட் அடுப்பு 1365 வாட்தான் தரும். 'கரண்டு அடுப்புல சோறு வேகவே மாட்டேங்குது' என்று கடைசி வீட்டுக்காரர் சொன்னால் அது முறையீடு மட்டுமல்ல, இயற்பியலும்தான்.

*

இண்டக்ஷன் அடுப்பில் சிவக்கும் சுருள் கிடையாது. கண்ணாடித் தட்டுக்கு அடியில் செம்புச் சுருள் ஒன்றில் மின்னோட்டம் நொடிக்கு 20,000 தடவைக்கும் மேல் திசை மாறுகிறது. அதனால் மாறும் காந்தப்புலம், மேலே உள்ள பாத்திரத்தின் அடித்தட்டில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. சூடாவது பாத்திரம்தான். அடுப்பு சூடாவது பாத்திரத்தின் சூட்டால்.

இரும்பில் அந்த மின்னோட்டம் உலோகத்தின் தோலில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆழத்தில் நெருக்கியடித்து ஓடுகிறது. ஒடுங்கிய பாதை என்பதால் தடை அதிகம், வெப்பமும் அதிகம். அலுமினியத்தில் ஆழம் அரை மில்லிமீட்டர், உலோகமும் நல்ல கடத்தி. கணக்கிட்டால் இரும்பைவிட இருபது மடங்குக்கு மேல் தடை குறைகிறது. அடுப்பின் மின்சுற்று அதைப் 'பாத்திரம் இல்லை' என்று எடுத்துக்கொண்டு பீப் அடித்து நின்றுவிடும். வெண்கலப் பானையும் ஈயச் சொம்பும் இப்படியே தோற்கும். மண்சட்டியில் மின்சாரமே ஓடாது.

காரைக்காலில் இது சின்ன விஷயமல்ல. கடலோர வீட்டில் மீன் குழம்புக்கு மண்சட்டிதான். அதிலும் முதல் நாள் வைத்து மறுநாள் சுண்டக் காய்ச்சிய குழம்பு. மின்னடுப்பு வேண்டும், மண்சட்டியும் வேண்டும் என்பவர்களுக்கு இன்ஃப்ராரெட் அடுப்பு இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே சுருள் சிவந்து வெப்பக் கதிரை வீசும். எந்தப் பாத்திரமும் ஏற்கும். செலவு இண்டக்ஷனைவிடக் கொஞ்சம் கூடும், அடுப்பை அணைத்த பிறகும் கண்ணாடி கையைச் சுடும்.

*

திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி மின்திறல் குழுமத்தின் நிலையம் 2000ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. நரிமணம் பக்கத்து நிலத்தடி இயற்கை எரிவாயுவை எரித்து 32.5 மெகாவாட்: எரிவாயுச் சுழலி 22.9, அதன் புகைபோக்கிச் சூட்டில் நீராவி கிளப்பி ஓட்டும் சுழலி 9.6. கொஞ்சம் யோசித்தால் இது கொடி அடுப்பின் தத்துவமேதான், தப்பிப் போகும் வெப்பத்துக்கு இன்னொரு வாய்.

இப்போது ஒரு சங்கடமான கணக்கு. இந்த அளவுள்ள நிலையங்கள் எரிபொருளின் ஆற்றலில் 35 முதல் 45 விழுக்காட்டை மின்சாரமாக்கும். 40 என்று வைத்துக்கொள்வோம். கம்பி வழியில் பத்தில் ஒரு பங்கு போனால் 36. இண்டக்ஷன் அடுப்பு அதில் 85 விழுக்காட்டைப் பாத்திரத்துக்குள் சேர்க்கும், ஆக 30. அதே எரிவாயுவைக் குழாயில் கொண்டுவந்து சமையலறையிலேயே எரித்தால் 60 வரை பாத்திரத்துக்குப் போகும். நிலத்தடி வாயுவை மின்சாரமாக்கி அதில் சமைப்பது, நேரே சமைப்பதைவிட இரண்டு மடங்கு செலவு. 'மின்னடுப்பு சிக்கனம்' என்ற விளம்பரத்தில் இந்தக் கணக்கு வராது. மின்சாரம் வெயிலிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்தால் பேச்சே வேறு. நாட்டில் செலவாகும் சமையல் எரிவாயுவில் சுமார் 60 விழுக்காடு கப்பலில் வருகிறது என்பதையும் எதிர்த்தட்டில் வைக்க வேண்டும்.

வீட்டுக் கணக்கு தனி. 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட் வெப்பம் இருக்கிறது. அடுப்பில் எரித்தால் 108 யூனிட் அளவுக்குப் பாத்திரத்துக்குப் போகும். அதே வேலையை இண்டக்ஷன் சுமார் 127 யூனிட் மின்சாரத்தில் முடிக்கும். சிலிண்டர் விலையை 127ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் மின் பில்லின் கடைசிப் படிக்கட்டில் ஒரு யூனிட் அதற்குக் கீழே இருந்தால் மின்சாரம் லாபம். முதல் படியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, அடுப்பு சேரும்போது யூனிட் மேல் படிக்கு ஏறிவிடும்.

கேசும் மின்சாரமும் ஒரே அறையில் இருக்கும்போது பிளக்கின் உயரமும் முக்கியம். சிலிண்டர் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தரையில் தேங்கும். மேடைக்குக் கீழே, சிலிண்டருக்குப் பக்கத்தில் சாக்கெட் வைத்தால் சுவிட்ச் போடும் சிறு பொறி போதும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, கூரைக்கு ஏறும். காரைக்கால், நாகப்பட்டினம் பகுதிக்கும் குழாய் எரிவாயு உரிமம் வழங்கப்பட்டிருக்கிறது. குழாய் வந்தால் அடுப்பு அதேதான், ஆனால் ஜெட்டை மாற்ற வேண்டும். ஒரு கன மீட்டரில் அதற்கு வெப்பம் குறைவு என்பதால் துளை பெரிதாக இருக்க வேண்டும். பழைய ஜெட்டில் சுடர் சூம்பிப்போகும்.

புது வீடு கட்டுகிறவருக்கு ஒன்று சொல்லலாம். இன்றைக்கு மின்னடுப்பு வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் மெயின் போர்டிலிருந்து சமையல் மேடைக்கு ஒரு தனிப் பைப் போட்டுவிடுங்கள். அதில் நாலு ஸ்கொயர் கம்பி, முனையில் இரண்டு பவர் பிளக். பூசிய சுவரை மறுபடி உடைக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பிளக்கை அடுப்புக்கு நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். ஆவியும் எண்ணெயும் ஏறும் இடம் அது.

சுவரைத் தாண்டினால் தெரு. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் 60 வீடுகள் ஒரே நேரத்தில் 1800 வாட் அடுப்பைப் போட்டால் அதுவே 108 கிலோவாட். விளக்கு, விசிறி எல்லாம் அதற்கு மேல். திருமலைராயன்பட்டினம் நிலையம் முழுத் திறனில் ஓடினாலும் 18,000 அடுப்புக்குத்தான் வரும். 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை 2 லட்சம். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 50,000 வீடுகள். எல்லோரும் ஒரே நிமிடத்தில் சமைப்பதில்லை என்பதால்தான் மின்துறை மூச்சு விடுகிறது.

ஆனால் கிட்டத்தட்ட ஒரே மணி நேரத்தில் சமைக்கிறோம். மாலை ஏழு மணிக்குச் சூரிய மின்சாரம் இருக்காது, தோசைக்கல் இருக்கும். 2023இல் ஒன்றிய அரசு திருத்திய நுகர்வோர் விதிகள், சூரிய நேரம் என்று குறிக்கப்படும் எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு தாழ்வாகவும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. ஸ்மார்ட் மீட்டர் பொருத்தி அந்த விதி நடைமுறைக்கு வந்த வீட்டில், காலை பத்தரைக்கு வைத்த உலைக்கு ஒரு விலை, இரவுத் தோசைக்கு இன்னொரு விலை.